ஆல்-22 சந்தா: பிரைஸ் யங் தேறுவாரா என்று பார்க்க ஒரு மாதம் போதும்

அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் தொலைக்காட்சிக் கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும். ஸ்னாப் ஆனதும் (பிளே தொடங்கப் பந்தைப் பின்னால் கொடுத்ததும்), பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர்கள் திரையை விட்டுப் போய்விடுவார்கள். பந்தை எறிய வேண்டிய குவார்ட்டர்பேக் நிற்கிறார், தயங்குகிறார், கடைசியில் சாக் ஆகிறார், அதாவது எறியும் முன்பே வீழ்த்தப்படுகிறார். "ஏன் எறியவில்லை?" என்று வர்ணனையாளர் கேட்கிறார். அதற்கான பதில் திரைக்கு வெளியே, இருபது யார்டு தள்ளி இருக்கிறது. அதைக் காட்டுவதற்குத்தான் ஆல்-22.

22 ஆட்டக்காரர்களும் ஒரே சட்டத்துக்குள் தெரியும்படி உயரத்திலிருந்து எடுக்கும் படம் இது. பயிற்சியாளர்கள் காலங்காலமாக இதைத்தான் பார்த்து வந்தார்கள். ரசிகர்களுக்கு என்எஃப்எல் என்ற அமெரிக்கக் கால்பந்து லீக் இதைத் திறந்துவிட்டது 2012இல்தான். இப்போது அமெரிக்காவில் லீக்கின் ஸ்ட்ரீமிங் சேவையான என்எஃப்எல் பிளஸின் பிரீமியம் அடுக்கில் கிடைக்கிறது. 2022இல் சேவை தொடங்கியபோது பிரீமியம் மாதம் 9.99 டாலர். அடுத்த ஆண்டே 14.99 ஆக்கினார்கள்; ஆண்டுச் சந்தா 99.99. விலை மாறிக்கொண்டே இருக்கும், வாங்கும் நாளில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கீழ் அடுக்கை வாங்கிவிட்டு ஆல்-22 எங்கே என்று தேட வேண்டாம், அதில் கிடையாது. அமெரிக்காவுக்கு வெளியே இந்தச் சேவையே கிடையாது; அங்கே லீக்கின் கேம் பாஸ் சேவையை டசோன் என்ற ஸ்ட்ரீமிங் நிறுவனம் நடத்துகிறது, அது வேறு கணக்கு.

ஒரு இளம் குவார்ட்டர்பேக் முன்னேறுவாரா மாட்டாரா என்று இந்தச் சந்தாவை வைத்து நாமே முடிவுசெய்ய முடியுமா? சோதனைக்கு கரோலினா பேந்தர்ஸின் பிரைஸ் யங்கை விடப் பொருத்தமான ஆள் இல்லை. 2023 டிராஃப்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) முதல் தேர்வாக அவரை எடுக்க அணி கொடுத்த விலை: 9ஆம் தேர்வு, 61ஆம் தேர்வு, 2024இன் முதல் சுற்று, 2025இன் இரண்டாம் சுற்று, போதாததற்கு டி.ஜே. மூர் என்ற நல்ல ரிசீவர். முதல் சீசனில் 11 டச்டவுன் (எறிந்து ஈட்டிய ஸ்கோர்), 10 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட எறிதல்), 62 சாக். அவர் தொடங்கிய 16 ஆட்டங்களில் வென்றது இரண்டு. தலைமைப் பயிற்சியாளர் ஃபிராங்க் ரைக்கை 11 ஆட்டங்களிலேயே வீட்டுக்கு அனுப்பினார்கள். 2024இல் டேவ் கனாலஸ் வந்தார். இரண்டே ஆட்டங்களில் யங்கை உட்காரவைத்துவிட்டு மாற்று குவார்ட்டர்பேக் ஆண்டி டால்டனை இறக்கினார். அந்த இரண்டு ஆட்டத்தில் யங் எறிந்த 56இல் 31 சேர்ந்தன, 245 யார்டு, டச்டவுன் பூஜ்யம், இன்டர்செப்ஷன் மூன்று. டால்டனுக்குக் கார் விபத்தில் கட்டைவிரலில் அடிபட்டதால் எட்டாம் வாரம் திரும்பி வந்தவர், மீதிப் பத்து ஆட்டங்களில் 15 டச்டவுன், 6 இன்டர்செப்ஷன். எண்களை மட்டும் பார்த்தால் ஆளே மாறிவிட்டார். என்ன மாறியது என்பதை எண்கள் சொல்லாது.

மொத்த சீசனையும் பார்க்க உட்காராதீர்கள். 2024இன் மூன்று ஆட்டங்கள் போதும்: முதல் வாரம் நியூ ஆர்லியன்ஸ் (47-10 தோல்வி), பன்னிரண்டாம் வாரம் கான்சஸ் சிட்டி (30-27 தோல்வி), பதினெட்டாம் வாரம் அட்லாண்டா (கூடுதல் நேரத்தில் 44-38 வெற்றி). ஓட்டப் பிளேக்களைத் தள்ளிவிட்டு எறியப் பின்வாங்கிய பிளேக்களை மட்டும் எடுத்தால் ஓர் ஆட்டத்துக்கு 35, 40 வரும். ஒவ்வொன்றையும் மூன்று தடவை பார்க்க வேண்டும். ஓர் ஆட்டத்துக்கு இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். அவசரப்பட்டால் ஹைலைட் பார்த்த பலன்தான்.

படம் இரண்டு கோணங்களில் வருகிறது. பக்கவாட்டுக் கோணத்தில் ஆழம் சரியாகத் தெரியும்: ரிசீவர் 12 யார்டில் திரும்பினாரா 15இலா, தற்காப்பின் கடைசி வரிசையில் நிற்கும் சேஃப்டி எவ்வளவு பின்னால் நிற்கிறார் என்பதெல்லாம். மைதானத்தின் கோடியிலிருந்து எடுக்கும் எண்ட் சோன் கோணத்தில் அகலம் சரியாகத் தெரியும்: முன்வரிசையில் (லைனில்) நிற்கும் லைன்மேன்களுக்கு இடையே உள்ள சந்து, குவார்ட்டர்பேக்கின் பாதம், பந்து வெளியேறும் பாதை. பெரும்பாலானோர் முதல் கோணத்தைப் பார்த்துவிட்டு இரண்டாவதைத் தாண்டிவிடுகிறார்கள். யங் விஷயத்தில் காசுக்கு மதிப்புத் தருவதே அந்த இரண்டாவதுதான்.

காரணம் அவருடைய உயரம். 5 அடி 10 அங்குலம். எதிரே நிற்கும் லைன்மேன்கள் ஆறரை அடிக்கு வருவார்கள். தலைக்கு மேலே பார்க்க முடியாது, சந்து வழியாகத்தான் பார்த்தாக வேண்டும். சந்து அடைபட்டால் இயல்பாகவே கால் பின்னால் போகும். அங்கேதான் கோளாறு தொடங்குகிறது. குவார்ட்டர்பேக் ஏழெட்டு யார்டு ஆழத்தில் நிற்பார் என்று நம்பித்தான் லைனின் இரு ஓரத்தில் நிற்கும் டேக்கிள்களும் எதிரியை வெளிப்பக்கமாக வளைத்துத் தள்ளுகிறார்கள். அவர் பத்து யார்டுக்கு வழுக்கினால், வெளியே தள்ளப்பட்டவன் நேராக அவர் மடியில் வந்து விழுகிறான். ஒளிபரப்பில் பழி டேக்கிளுக்குப் போகும். எண்ட் சோன் கோணத்தில் ஸ்னாப் கோட்டிலிருந்து கோடு கோடாக எண்ணினால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிடும். 62 சாக்கில் லைனின் பங்கு பெரியது, மறுக்கவில்லை. அதனால்தானே அணி 2024இல் ராபர்ட் ஹன்ட், டேமியன் லூயிஸ் என்ற, லைனின் நடுப்பகுதியில் நிற்கும் இரண்டு கார்டுகளுக்குக் கோடிகளைக் கொட்டியது? நடுவில் சுவர் உறுதியானால், குள்ளமான குவார்ட்டர்பேக் பின்னால் ஓடாமல் முன்னால் ஏறி நிற்க இடம் கிடைக்கும். பணம் டேக்கிளுக்குப் போகாமல் கார்டுக்குப் போனதன் கணக்கு அதுதான்.

பார்க்கும்போது நோட்டில் ஐந்து கட்டம் போட்டுக்கொண்டால் போதும். ஸ்னாப்புக்கு முன் பின்னால் எத்தனை சேஃப்டி. ஸ்னாப்புக்குப் பின் எத்தனை. பின்னங்கால் ஊன்றியபோது கண் எங்கே. பந்து கையை விட்டுப் போக எத்தனை விநாடி. பந்து யாரிடம் போனது. நேரத்தை அளக்க போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச் போதும், பத்தில் இரண்டு பங்கு விநாடி முன்னே பின்னே இருக்கும், பரவாயில்லை. லீக்கில் பொதுவாக 2.7, 2.8 விநாடிக்குள் பந்து கையை விட்டுவிடும். 2.5க்குள் விழுந்த சாக் என்றால் முதலில் லைனைச் சந்தேகியுங்கள். 3 விநாடி தாண்டினால் குவார்ட்டர்பேக்கை.

முதல் இரண்டு கட்டங்களும் வேறுபடும் பிளேக்களைத் தனியாகக் குறியுங்கள். ஸ்னாப்புக்கு முன் இரண்டு சேஃப்டி ஆழமாக நிற்கிறார்கள். பந்து கைக்கு வந்ததும் ஒருவர் கீழே இறங்கிவிடுகிறார். அப்போது முதலில் பார்த்துவைத்த பாதை செத்துவிடும். அந்த அரை விநாடியில் இளம் ஆட்டக்காரரின் பாதம் என்ன செய்கிறது என்று பாருங்கள். கால் நடுங்கி இடத்திலேயே தாளம் போட்டால் மூளை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது. சின்னதாக ஓர் எட்டு வைத்து அடுத்த ரிசீவரின் பக்கம் உடம்பு திரும்பினால், படித்துவிட்டார். டச்டவுன் எண்ணிக்கையை விட இது நம்பகமான அறிகுறி. நியூ ஆர்லியன்ஸ் ஆட்டத்தையும் கான்சஸ் சிட்டி ஆட்டத்தையும் அடுத்தடுத்து போட்டுப் பாருங்கள். கான்சஸ் சிட்டியின் தற்காப்புப் பயிற்சியாளர் ஸ்டீவ் ஸ்பேக்னோலோ எங்கிருந்து ஆளை அனுப்புவார் என்று ஊகிக்கவே முடியாத தற்காப்புக்கு எதிராக, யங் பாக்கெட்டுக்குள் (லைன் அமைக்கும் பாதுகாப்பு வளையத்துக்குள்) நின்று 263 யார்டு எறிந்தார். தோல்விதான், ஆனால் மூன்று ஆட்டங்களில் முன்னேற்றத்துக்கான சாட்சி அதிகம் இருப்பது இதில்தான்.

எல்லாரும் செய்யும் தவறு ஒன்று. படத்தை நான்காவது விநாடியில் நிறுத்தி, "பார், அந்த ஆள் தனியாக நிற்கிறான், குருடனா இவன்?" என்பது. நான்காவது விநாடியில் யாராவது ஒருவர் தனியாக நிற்கத்தான் செய்வார். பின்னங்கால் ஊன்றிய சட்டத்தில் நிறுத்திப் பாருங்கள்; அந்த நொடியில் தெரிந்ததை வைத்துத்தான் அவர் முடிவெடுத்திருக்க முடியும். இன்னொன்று: உயரத்திலிருந்து பார்க்கும்போது இடைவெளிகள் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். நமக்குக் கதவாகத் தெரிவது அவருக்கு ஜன்னல்.

எண்ணுக்கும் படத்துக்கும் உள்ள தூரத்தைக் காண பதினான்காம் வாரம் ஃபிலடெல்ஃபியா ஆட்டத்தின் கடைசி நிமிடத்தை மட்டும் பாருங்கள். எண்ட் சோன் ஓரத்தில் ரிசீவர் சேவியர் லெகெட் கைக்கு வந்த பந்தை விட்டார், 22-16 தோல்வி. கணக்கேட்டில் அது யங்கின் இன்னொரு தவறிய எறிதல். படத்தில் அப்படியில்லை.

இனி இந்தச் சேவையின் குறைகள். ஒலியே கிடையாது, அது பெரிய நஷ்டமில்லை. பிளேயின் பெயரும் பயிற்சியாளர் சொன்ன வரிசையும் இல்லை என்பதுதான் பெரிய நஷ்டம். முதலில் இடப்பக்கம் பார்க்கச் சொன்னார்களா, வலப்பக்கமா? ரிசீவர் தவறாகத் திரும்பினாரா, யங் தவறாக எறிந்தாரா? ஊகிக்கலாம், அறுதியிட முடியாது. ஆகவே பத்து இன்டர்செப்ஷனில் இரண்டு மூன்றை "தெரியவில்லை" என்று எழுதிவைக்கும் நேர்மை வேண்டும். தூரத்துப் படம் என்பதால் விரல், மணிக்கட்டு, பந்தின் சுழற்சி எதுவும் தெரியாது. எறியும் முறையில் கோளாறு என்று சந்தேகம் வந்தால் ஒளிபரப்பின் நெருக்கக் காட்சிக்குத்தான் போக வேண்டும். நேரலையிலும் ஆல்-22 கிடையாது, ஆட்டம் முடிந்த பிறகுதான் வரும்.

2024இல் சேர்ந்த என்எஃப்எல் ப்ரோ பகுதியில், தோள்கவசச் சில்லு விநாடிக்கு 10 முறை அனுப்பும் இருப்பிடத் தகவலிலிருந்து கணித்த எண்கள் கிடைக்கின்றன. ஸ்டாப்வாட்ச் கணக்கைச் சரிபார்க்க உதவும். ஆனால் அதைத் திறந்துவைத்துக்கொண்டு படம் பார்க்காதீர்கள். எண் முதலில் கண்ணில் பட்டால் கண் அதற்கேற்ற சாட்சியைத் தேட ஆரம்பித்துவிடும்.

சரி, யங் தேறுவாரா? 2024இன் படங்கள் ஆம் என்கின்றன, ஒரு நிபந்தனையோடு: நடுச்சுவர் நிற்க வேண்டும், ஓட்ட ஆட்டம் ஓட வேண்டும். அந்த ஆண்டு பந்தோடு ஓடும் சூபா ஹபார்டின் 1,195 யார்டு இல்லாமல் இந்தக் கதை இல்லை. பஃபலோ குவார்ட்டர்பேக் ஜோஷ் ஆலனைச் சுட்டிக்காட்டி "மூன்றாம் ஆண்டில் எல்லாரும் வெடிப்பார்கள்" என்பவர்களை நம்ப வேண்டாம். ஆலனின் துல்லியம் 52.8 சதவீதத்திலிருந்து 58.8க்கும் அங்கிருந்து 69.2க்கும் ஏறியது உண்மை. அவருடைய கோளாறு எறியும் முறையில், உடம்போ 6 அடி 5 அங்குலம். யங்கின் கோளாறு இடத்திலும் பார்வையிலும். அது திருந்தும், ஆனால் சூழ்நிலை மாறினால் திரும்பவும் எட்டிப்பார்க்கும். 2025 நவம்பரில் அட்லாண்டாவில் 448 யார்டு எறிந்து அணியின் சாதனையை முறியடித்தார். அடுத்த வாரமே சான் பிரான்சிஸ்கோ அணியிடம் மொத்தம் 9 புள்ளியோடு கரோலினா தோற்றது. நான் 2024 படங்களை வைத்துக் கொடுக்கும் மதிப்பு: நல்ல அணியில் நல்ல குவார்ட்டர்பேக், மோசமான அணியைத் தூக்கி நிறுத்துபவர் அல்ல.

சந்தாவுக்கு ஐந்துக்கு நான்கு. ஒரே ஒரு ஆட்டக்காரரை ஆராயத்தான் என்றால் ஆண்டுச் சந்தா வீண். பிப்ரவரியில் ஒரு மாதம் மட்டும் எடுங்கள், அதற்குள் அந்த சீசன் படம் எல்லாம் ஏறியிருக்கும். கைபேசியில் பார்க்காதீர்கள், பாதம் தெரியாது. லேப்டாப்பை டிவியோடு இணையுங்கள். பணம் கட்டிய அன்றே தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிடுங்கள்.