ஊனோவா, யூஎஸ்பிஏஎஸ்பியா, டயோடு போதுமா?

சிங்கப்பூர் ஜாலான் புசாரில் சிம் லிம் டவருக்குப் போய் ப்ரோக்ராமர் (சிப்பில் நிரலை ஏற்றும் கருவி) கேட்பதற்கு முன், சிப்பின் முதுகில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படித்துவிடுங்கள். ஏடிமெகா328பி, ஏடிடைனி85 போன்ற பழைய ஏவிஆர் வகை மைக்ரோகண்ட்ரோலர் என்றால் நிரல் ஏற்றும் முறை ஐஎஸ்பி; ஏடிடைனி412, 1614 என்றால் யூபிடிஐ என்ற ஒற்றைக் கம்பி முறை. ஒன்றுக்கு வாங்கிய மலிவான கருவி பெரும்பாலும் மற்றதற்கு உதவாது. விலை பேசுவது அதற்குப் பிறகுதான்.

வீட்டில் ஆர்டுயினோ ஊனோ இருந்தால் ஐஎஸ்பிக்காக எதையும் வாங்க வேண்டாம். அதில் ‘ஆர்டுயினோஐஎஸ்பி’ நிரலை ஏற்றி, ஊனோவின் 11, 12, 13ஆம் பின்களை சிப்பின் மோசி, மிசோ (தரவு), எஸ்சிகே (கடிகாரத் துடிப்பு) கால்களுக்கும், 10ஐ ரீசெட்டுக்கும் கொடுங்கள். பிறகு ஊனோவின் ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், நெகட்டிவ் கால் கிரவுண்டில். அது இல்லாவிட்டால் கணினி போர்ட்டைத் திறந்ததும் ஊனோ ரீசெட் ஆகி, அதன் பூட்லோடர் (ஊனோவிலேயே உள்ள தொடக்க நிரல்) குறுக்கே பதில் சொல்லும். எப்போதாவது ஒரு சிப்பில் நிரல் ஏற்ற இது தாராளம். அடிக்கடி என்றால் சப்ளை, கிரவுண்டு சேர்த்து ஆறு கம்பிகளில் ஏதாவது ஒன்று ப்ரெட்போர்டில் நழுவிக்கொண்டே இருக்கும்.

அப்போதுதான் யூஎஸ்பிஏஎஸ்பி, கணினியின் யூஎஸ்பியில் செருகும் ஐஎஸ்பி ப்ரோக்ராமர். நகல்கள் மலிவு, ஆனால் எல்லாம் ஒன்றல்ல. கடையிலேயே போர்டைத் திருப்பிப் பாருங்கள்: ஜேபி3 என்ற ஜம்பர் இருக்கும் இடத்தில் சிலவற்றில் பின்கள் இருக்காது, வெறும் இரண்டு துளைகள்தான். அந்த ஜம்பர் எஸ்சிகேவை மெதுவாக்குவது. புதிய 328பி, தொழிற்சாலையிலிருந்து 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும்படி வருகிறது; எஸ்சிகே அதில் கால் பங்குக்கும் கீழே, அதாவது 250 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும். யூஎஸ்பிஏஎஸ்பி வழக்கமாக அனுப்புவது 375. ‘டார்கெட் பதில் சொல்லவில்லை’ என்ற பிழையைப் பார்த்து நல்ல சிப்பைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஜேபி3 இல்லாவிட்டாலும், கணினியில் நிரலை ஏற்றும் மென்பொருளான ஏவிஆர்டியூடின் கட்டளையில் பெரிய எழுத்து ‘பி’யோடு (-B) 10 சேர்த்தால் போதும். ‘எஸ்சிகே பீரியடை அமைக்க முடியவில்லை’ என்று வந்தால் யூஎஸ்பிஏஎஸ்பியின் ஃபர்ம்வேர் பழையது; அதற்கு ஜம்பர்தான் எளிய வழி.

வோல்ட் ஜம்பரை நம்பிவிடாதீர்கள். பல நகல்களில் அதை 3.3க்கு மாற்றினால் சப்ளை மட்டும்தான் இறங்கும், மோசியும் எஸ்சிகேவும் 5 வோல்ட்டிலேயே வரும். அதே கம்பிகளில் எஸ்டி கார்டு இருந்தால் கழற்றிவிட்டு நிரலை ஏற்றுங்கள். விண்டோஸில் யூஎஸ்பிஏஎஸ்பியின் டிரைவரை நிறுவ ஸாடிக் என்ற மென்பொருள் வேண்டும்.

யூபிடிஐ சிப்புக்கு யூஎஸ்பி-சீரியல் அடாப்டரும் ஒரு ஷாட்கி டயோடும் போதும். அடாப்டரின் ஆர்எக்ஸை (பெறும் கால்) நேராக சிப்பின் யூபிடிஐ காலில் கொடுங்கள். டிஎக்ஸை (அனுப்பும் கால்) அதே யூபிடிஐ காலுக்கு டயோடு வழியாக, டயோடில் உள்ள பட்டை டிஎக்ஸ் பக்கம். அடாப்டரும் சிப்பும் ஒரே வோல்ட்டில் இருக்கட்டும். இதற்கென்று விலை கூடிய கருவி தேவையே இல்லை.

இணையத்தில் வாங்குவோர், சிங்கப்பூரில் 2023 முதல் மலிவான இறக்குமதிக்கும் பொருள் சேவை வரி உண்டு என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது அது 9 விழுக்காடு.

ஏடிடைனி85இல் ரீசெட் காலை நிறுத்தும் ஃபியூஸை (சிப்பின் உள்ளே உள்ள அமைப்பு பிட்) மட்டும் தொடாதீர்கள். தொட்டால் ஊனோ நிரலோ யூஎஸ்பிஏஎஸ்பியோ திரும்ப உள்ளே நுழைய முடியாது. ரீசெட்டில் 12 வோல்ட் தரும் தனி ஏற்பாடு வேண்டும்.