நாஸ் பெட்டியில் இடம் கூட்டித் தருகிறேன் என்று வருபவரிடம் உஷார்

குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் ஸ்டூடியோ வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கோவையிலிருந்து மலையேறி வந்து சர்வீஸ் பார்க்கும் ஒருவர் எங்கள் நாஸ் பெட்டியை (பல டிஸ்க்குகளைச் சேர்த்துப் போட்டு, நெட்வொர்க் வழியாக வீடியோக்களைச் சேமிக்கும் பெட்டி) நாசம் செய்துவிட்டார்.

நான்கு டிஸ்க் போடுகிற பெட்டி, அதில் மூன்று 4 டிபி (டெராபைட்), ரெய்டு 5, அதாவது ஒரு டிஸ்க் கெட்டாலும் தரவு தப்பும்படி பிரித்து எழுதும் முறை. ஒரு டிஸ்க் அளவு பாதுகாப்புக்குப் போனால் மீதி 8 டிபி, பெட்டி கணக்கிடும் முறை வேறு என்பதால் திரையில் 7.2 சொச்சம் என்று காட்டும். கல்யாண வீடியோவும் ஹெத்தையம்மன் பண்டிகை வீடியோவும் சேர்ந்து அது நிரம்பிவிட்டது. காலியாக இருந்த நான்காவது டிஸ்க் இடத்தில் இன்னொரு 4 டிபி போட்டு அதே ரெய்டு 5-ஐ விரிவாக்கச் சொன்னேன், வாட்ஸ்அப்பிலும் அப்படியே எழுதி அனுப்பினேன்.

இதற்குப் பெட்டியை நகர்த்தவே வேண்டாம். டிஸ்க்கைச் சொருகி விரிவாக்கக் கட்டளை கொடுத்தால் பெட்டியே தரவை நான்கிலும் மறுபடி பிரித்து எழுதிக்கொள்ளும், ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும், நடுவில் கரண்ட் போகாமல் யூபிஎஸ் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இவரோ "இங்க வோல்டேஜ் சரியில்லண்ணே" என்று பெட்டியையே கீழே தூக்கிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது 14.5 காட்டியது. ரெய்டு 5 தானே தம்பி என்று கேட்டேன். "அதேதாண்ணே, இடம் எப்படி ஏறியிருக்கு பாருங்க!"

நான்கு 4 டிபி-யில் ரெய்டு 5 என்றால் 12 டிபி, திரையில் 10.9-க்கு மேல் வரவே வராது. 14.5 என்றால் பாதுகாப்பையும் பிடுங்கி இடத்தோடு சேர்த்தாயிற்று, அது ரெய்டு 0. எங்கள் தரவை வேறெங்கோ நகலெடுத்து, பெட்டியை அழித்து, ரெய்டு 0 போட்டுத் திரும்ப ஏற்றியிருக்கிறார். (அந்த நகல் இப்போது யார் கையில் இருக்கிறதோ, வாடிக்கையாளர்களின் குடும்பப் படங்கள் அவை.)

ஆடி மழையில் ஒரு டிஸ்க் படுத்தது. ரெய்டு 5 என்றால் பெட்டி கத்தும், வேலை நடக்கும், கெட்டதை மாற்றிக்கொள்ளலாம். ரெய்டு 0 ஒவ்வொரு கோப்பையும் துண்டு துண்டாக்கி நான்கிலும் போட்டு வைக்கிறது, அதனால் எந்த வீடியோவை எடுத்தாலும் கால்வாசி அந்தக் கெட்ட டிஸ்க்கில்தான். மொத்தமும் போச்சு. தனியாக வெளி டிஸ்க்கில் வைத்திருந்த பழைய கல்யாணங்கள் மட்டும் தப்பின.

அப்புறம் பார்த்தால் படுத்ததே அவர் புதுசு என்று விற்ற டிஸ்க்தான். ஸ்மார்ட் விவரத்தில் (டிஸ்க் தன்னைப் பற்றித் தானே பதிந்து வைக்கும் கணக்கு) ஓடிய நேரம் 26 ஆயிரம் மணி நேரத்துக்கு மேல். மார்ச்சில் போட்டது மூன்று வருடம் ஓடியிருக்கிறதாம்! சீரியல் எண்ணைத் தயாரிப்பாளர் தளத்தில் அடித்தால் வாரண்டி முடிந்துவிட்டது என்கிறது. பில்லில் சீரியல் எண்ணும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை.

போன் செய்தால், "நீங்க இடம் கேட்டீங்க, நான் இடம் குடுத்தேன்" என்றார். அதோடு சரி, இப்போது எடுப்பதில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-ல் வாட்ஸ்அப் செய்திகளோடு புகார் கொடுத்திருக்கிறேன்.

இதே போல இடம் கூட்டிக்கொண்டவர்கள் இன்றைக்கே ரெய்டு வகையைப் பாருங்கள். 0 என்று இருந்தால் அதில் எதையும் மாற்றப் போகாதீர்கள், முதலில் முழுவதையும் வெளி டிஸ்க்கில் நகல் எடுங்கள். அந்த ஆளைக் கூப்பிடாதீர்கள்.