பச்சை விளக்கு எரிந்தால் போதாது: ஒரு கார் சார்ஜர் பில்லும் அதில் இருந்த பொய்களும்

முதலில் பில்லைப் பார்த்துவிடுவோம். சென்னிமலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீடு. 7.2 கிலோவாட் சார்ஜர் மின்சாரக் காரோடு சேர்ந்தே வந்துவிட்டது. மாட்டிக் கொடுக்க மட்டும் ஒரு ஏஜென்சி ஆள் அனுப்பியது. முதல் 10 மீட்டர் வயர் இலவசம், அதற்கு மேல் மீட்டர் கணக்கில் காசு என்று பேச்சு. மீட்டர் பெட்டி முன்வாசல் ஆசாரத்தில். கார் நிற்பதோ பழைய மாட்டுக் கட்டுத்தரையை மாற்றிக் கட்டிய ஷெட்டில். நடுவில் 42 மீட்டர். சேர்த்து 48,500 ரூபாய்.

பில்லில் ஐந்து வரி: 6 ஸ்கொயர் (6 சதுர மில்லிமீட்டர் கனம்) காப்பர் வயர் 42 மீட்டர், டைப் ஏ ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் விழும் சுவிட்ச்) ஒன்று, 32 ஆம்பியர் எம்சிபி (அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் விழும் சுவிட்ச்) ஒன்று, எர்த் குழி ஒன்று, ‘ஈ.பி. வேலை’ மொத்தமாக 6,000. ஒரு மாதம் கழித்துப் பெட்டியைத் திறந்து பார்த்தபோது, இந்த ஐந்தில் உண்மையாக இருந்தது அந்த 42 மீட்டர் நீளம் மட்டும்தான். ஏஜென்சியின் பெயர் இங்கே தேவையில்லை. ஈரோட்டிலிருந்து பொள்ளாச்சி வரைக்கும் இதே வேலையை வேறு பெயர்களில் செய்கிறார்கள், அதனால் வேலையைத் தெரிந்துகொள்வதுதான் உபயோகம்.

வயரிலிருந்து ஆரம்பிக்கலாம். உள்ளே போயிருந்தது 4 ஸ்கொயர். இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். நுனியில் ஒரு அங்குலம் தோலை உரித்து, கம்பிகளை விசிறி மாதிரி ஒரு வெள்ளைத் தாளில் பரப்பி எண்ண வேண்டும். 0.3 மில்லிமீட்டர் கம்பி என்றால் 6 ஸ்கொயரில் 84 இழை இருக்கும், 4 ஸ்கொயரில் 56, 2.5 ஸ்கொயரில் 36. இங்கே இருந்தது 56. இன்னும் மோசமான சரக்கும் சந்தையில் உண்டு: அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. ஒரு இழையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். வயர் மேல் ஐஎஸ் 694 என்ற எண்ணும் ஐஎஸ்ஐ முத்திரையும் அச்சாகி இருக்கிறதா என்று சுருள் பிரிக்கும்போதே பாருங்கள். சுவருக்குள் போன பிறகு யாரும் காட்டமாட்டார்கள்.

2 ஸ்கொயர் குறைந்தால் என்ன ஆகிவிடும் என்பவர்களுக்குக் கணக்கு இது. சார்ஜர் இழுப்பது 32 ஆம்பியர், அதுவும் மணிக்கணக்கில் விடாமல். வாட்டர் ஹீட்டர் பத்து நிமிடத்தில் நின்றுவிடும், கார் நிற்காது. 42 மீட்டருக்கு 4 ஸ்கொயரில் சுமார் 15 வோல்ட் வழியிலேயே போய்விடும். அது வெறும் வோல்ட் இல்லை, 470 வாட் சூடு. அரை இஸ்திரிப்பெட்டியைச் சுவருக்குள் ராத்திரி முழுக்கப் போட்டுவைத்த மாதிரி. 6 ஸ்கொயரில் இழப்பு ஏறக்குறைய 10 வோல்ட், 10 ஸ்கொயரில் 6 வோல்ட். ஆக, இந்தத் தூரத்துக்கு 6 ஸ்கொயர் என்று பில் போட்டதே பாதித் தப்பு. 10 ஸ்கொயர்தான் சரி. 15 மீட்டருக்குள் இருந்தால் 6 போதும். தறியும் மோட்டாரும் ஓடுகிற நேரத்தில் லைனில் 205 வோல்ட்தான் வருகிறது என்றால், அதிலும் 15 போய் 190 ஆகிவிடும். அப்புறம் சார்ஜர் அண்டர்வோல்டேஜ் காட்டி நிற்கும், பழி காருக்கு வரும்.

இரண்டாவது வாரத்திலிருந்து எம்சிபி விழ ஆரம்பித்தது. ஆள் வந்தான், பத்தே நிமிடத்தில் சரி செய்தான். “இனி விழாதுங்க அண்ணா, பெருசாப் போட்டுட்டேன்.” 32-ஐக் கழற்றிவிட்டு 63 ஆம்பியர் போட்டிருந்தான். இந்த ஒரு வாக்கியம் உங்கள் வீட்டில் கேட்டால் அன்றைக்கே மெயினை இறக்கிவிடுங்கள். எம்சிபி காப்பாற்றுவது காரை அல்ல, வயரை. 4 ஸ்கொயர் வயர் குழாய்க்குள் 30 ஆம்பியரைத் தொடர்ந்து சுமப்பதே சிரமம். 63 ஆம்பியர் எம்சிபி விழுவதற்குள் வயர் வெந்துவிடும்.

முதலில் அது ஏன் விழுந்தது? எம்சிபியின் அளவு 30 டிகிரி சூட்டுக்கு நிர்ணயித்தது. மேற்கு வெயில் படும் சுவரில், தகரப் பெட்டிக்குள், சித்திரை மாதத்தில் உள்ளே 50 டிகிரியைத் தாண்டும். அப்போது 32 ஆம்பியர் எம்சிபி 32 ஆம்பியரைத் தாங்காது. வழி இரண்டு. 10 ஸ்கொயர் வயர் போட்டு 40 ஆம்பியர் எம்சிபி வைக்கலாம். இல்லையென்றால் சார்ஜரின் ஆப்பிலோ உள்ளே இருக்கும் சின்ன சுவிட்சுகளிலோ மின்னோட்டத்தை 24 ஆம்பியருக்குக் குறைக்கலாம். இரண்டாவதற்கு ஒரு பைசா செலவில்லை. ராத்திரி எட்டு மணி நேரம் இருக்கும்போது அவசரம் எதற்கு?

அடுத்தது ஆர்சிசிபி. முகப்பில் ஒரு சின்னச் சதுரக் கட்டம் இருக்கும். அதற்குள் ஒற்றை அலைக்கோடு மட்டும் இருந்தால் அது டைப் ஏசி. அலைக்கோட்டின் கீழே அரை அலைகளும் வரைந்திருந்தால் டைப் ஏ. இந்த வீட்டில் இருந்தது டைப் ஏசி. காருக்குள் மாறுதிசையை நேர்திசையாக்கும் சர்க்யூட்டிலிருந்து கொஞ்சம் நேர்திசை மின்னோட்டம் கசிந்தால், டைப் ஏசிக்குள் இருக்கும் காந்தம் மரத்துப்போகும். டெஸ்ட் பட்டனை அமுக்கினால் டக்கென்று விழும், உண்மையில் ஒருவருக்கு ஷாக் அடிக்கும்போது விழாமல் போகலாம். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள் கார் சார்ஜிங்குக்கு 30 மில்லிஆம்பியருக்கு மேற்படாத, குறைந்தது டைப் ஏ தரமுள்ள கருவியைக் கேட்கின்றன. அது நியூட்ரலையும் சேர்த்து வெட்ட வேண்டும், ஒவ்வொரு சார்ஜிங் பாயிண்டுக்கும் தனி லைன் வேண்டும், எக்ஸ்டென்ஷன் கயிறு கூடாது. சார்ஜருக்குள்ளேயே 6 மில்லிஆம்பியர் நேர்திசைக் கசிவைக் கண்டுபிடிக்கும் வசதி இருந்தால் வெளியே டைப் ஏ போதும். இல்லாவிட்டால் டைப் பி, விலை பல மடங்கு. இதை விவரத்தாளில் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். சார்ஜர் லைனை வீட்டின் பொது ஆர்சிசிபிக்குப் பின்னாலிருந்து எடுக்கவே கூடாது. கசிவு அதையும் சேர்த்து மரத்துப்போக வைக்கும்.

இதெல்லாம் சின்னத் திருட்டு. பெரிய அயோக்கியத்தனம் எர்த்தில்.

மாட்டின அன்று சார்ஜர் சிவப்பு விளக்கு காட்டியது, எர்த் கோளாறு என்று. பெரும்பாலான வால் சார்ஜர்கள் எர்த் சரியில்லை என்றால் காருக்கு மின்சாரம் விடாது. அந்த ஆள் செய்தது: ஷெட்டில் இருந்த ஐசொலேட்டர் (லைனை மொத்தமாக வெட்டும் சுவிட்ச்) பெட்டிக்குள் நியூட்ரல் முனையிலிருந்து எர்த் முனைக்கு ஒரு விரல் நீளப் பச்சை வயரை முறுக்கி விட்டுவிட்டான். சார்ஜர் ஏமாந்தது. பச்சை விளக்கு எரிந்தது. அதைக் காட்டிப் பணம் வாங்கிப் போய்விட்டான்.

வெளியே எர்த் குழி என்று இருந்தது ஒரு சிமென்ட் மூடி, அதன் கீழே இரண்டடிக் கம்பி. அதிலிருந்து எந்த வயரும் பெட்டிக்கு வரவில்லை. மழை பெய்து வாசல் நனைந்த ஒரு சாயங்காலம், சார்ஜில் இருந்த காரின் கதவை வெறுங்காலோடு தொட்ட வீட்டு அம்மாவுக்குச் சுள்ளென்றது. அளந்தபோது காரின் உடம்புக்கும் மண்ணுக்கும் 19 வோல்ட். 32 ஆம்பியர் ஓடும்போது நியூட்ரல் வயரில் ஏறும் வோல்ட்டும், கம்பத்து லைனின் நியூட்ரலில் ஏற்கெனவே நிற்கிற வோல்ட்டும் அந்தப் பச்சை வயர் (ஜம்பர்) வழியாகக் காருக்கு வந்திருக்கிறது. 19 என்பதால் சுள்ளென்றதோடு போயிற்று. காற்றடித்துக் கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால், வீட்டில் ஓடும் ஃபிரிட்ஜ், பல்பு வழியாக ஃபேஸ் திரும்பி வந்து மொத்தக் காரிலும் 230 வோல்ட் நிற்கும். ஆர்சிசிபி விழாது, ஜம்பர் அதற்கு முன்னால் இருப்பதால் அந்த மின்னோட்டம் அதன் வழியே போவதே இல்லை.

இதைப் பிடிப்பது சுலபம். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் வெட்டும் மெயின் ஐசொலேட்டரை இறக்கி, மின்சாரம் இல்லை என்று உறுதி செய்துவிட்டு, சார்ஜர் பெட்டியில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டரில் ஓம் (மின்தடை) பாருங்கள். பீப் சத்தம் வந்தால் எங்கேயோ ஜம்பர் இருக்கிறது.

பல்பு டெஸ்டை நம்பாதீர்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 100 வாட் குண்டு பல்பைப் போட்டு, “பாருங்க, எப்படி எரியுதுன்னு” என்று காட்டுவார்கள். அந்தப் பல்பு இழுப்பதே 0.43 ஆம்பியர். எர்த் 60 ஓம் இருந்தாலும் குறைவது 25 வோல்ட்டுக்குள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஜம்பர் இருந்தால் இன்னும் ஜோராக எரியும். எர்த் டெஸ்டர் என்ற கருவியில், இரண்டு துணைக் கம்பி தூரத்தில் அடித்து அளப்பதுதான் அளவு. 5 ஓமுக்குக் கீழே நல்லது. 10-ஐத் தாண்டினால் குழியைத் திரும்பத் தோண்ட வேண்டும்.

நம் பக்கத்து மண்ணில் இது சுலபமில்லை என்பதும் உண்மைதான். மேலே செம்மண், மூன்றடியில் சரளை, அதற்குக் கீழே பாறை. 40 மில்லிமீட்டர் ஜிஐ குழாயை எட்டடி இறக்க முடியாத இடத்தில் ஒரே குழியோடு மல்லுக்கட்ட வேண்டாம். இரண்டு மூன்று கம்பிகளை, ஒன்றுக்கொன்று அதன் நீளத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி அடித்து ஒன்றாக இணைக்கலாம். அல்லது பள்ளம் வெட்டி ஜிஐ பட்டையைப் படுக்கையாகப் புதைக்கலாம். பொடக்காளியில் (கொல்லைப்புறத்தில்) குளியலறைத் தண்ணீர் போகிற பக்கம் அமைந்தால் ஈரம் நிற்கும். கோடையில் குழிக்குத் தண்ணீர் விடும் வேலையை வருஷா வருஷம் யாராவது செய்யத்தான் வேண்டும்.

அந்த 6,000 ரூபாய் ‘ஈ.பி. வேலை’யில் நடந்தது ஒன்றுமில்லை. மனுவே போடவில்லை. வீடு சிங்கிள் பேஸ், சேங்ஷன் லோடு (மின்வாரியம் அனுமதித்த அளவு) 3 கிலோவாட். அதில் 7.2 கிலோவாட் சார்ஜர் ஓடியிருக்கிறது. சொந்தக் காரை வீட்டு இணைப்பிலேயே சார்ஜ் செய்ய மத்திய மின் அமைச்சகத்தின் வழிகாட்டுதலே இடம் கொடுக்கிறது, தனி இணைப்பு கட்டாயமில்லை. ஆனால் லோடைக் கூட்டி, த்ரீ பேஸாக மாற்ற மனுப் போட வேண்டும். மனுவுக்கு எண் உண்டு, கட்டின பணத்துக்கு ரசீது உண்டு. எண் சொல்லத் தெரியாதவரிடம் கொடுத்த பணம் வாரியத்துக்குப் போகவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிட ஆபத்தான யோசனை ஒன்று தோட்டங்களில் அடிபடுகிறது: “கிணத்து மோட்டார்ல த்ரீ பேஸ் சும்மாதானுங்க இருக்குது, அதுல போட்டா பில்லே வராது.” மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால் இரண்டு மாத ரீடிங்கில் 300 யூனிட்டுக்கு மேல் கூடும், ஸ்லாப் (கட்டணப் படி) ஏறும், அதனால் மனசு போகும். விவசாய இணைப்பைக் காருக்குத் திருப்புவது 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் வரும். கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு, எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்கு. 135-ஆம் பிரிவில் மின் திருட்டாகவும் வழக்குப் போடலாம். மாட்டிவிட்ட ஆள் அன்றைக்கு வரமாட்டான். பல்லடம், சோமனூர்ப் பக்கம் தறி சர்வீஸில் இழுப்பதும் இதே கதைதான்.

பெரிய சார்ஜர் விற்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேகத்தைத் தீர்மானிப்பது சுவரில் இருக்கும் பெட்டி அல்ல, காருக்குள் இருக்கும் ஆன்போர்டு சார்ஜர். 11 கிலோவாட் பெட்டி என்பது மூன்று ஃபேஸிலும் ஆளுக்கு 16 ஆம்பியர். 7.2 கிலோவாட் சிங்கிள் பேஸ் காரை அதில் மாட்டினால் ஒரு ஃபேஸ் மட்டும்தான் எடுக்கும், கிடைப்பது 3.7 கிலோவாட். அதிகக் காசு கொடுத்துப் பாதி வேகம்.

பல வீடுகளுக்கு 7.2-ம் தேவையில்லை. பெருந்துறையிலிருந்து கோவை போய்வந்தால் 150 கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். சுமார் 25 யூனிட். 3.3 கிலோவாட்டில் எட்டு மணி நேரம், படுக்கும்போது மாட்டினால் விடியலில் தயார். அதற்கும் பழைய ஹீட்டர் பாயிண்ட் ஆகாது. 4 ஸ்கொயரில் தனி லைன், 20 ஆம்பியர் எம்சிபி, டைப் ஏ ஆர்சிசிபி, நல்ல 16 ஆம்பியர் சாக்கெட், தரையிலிருந்து 80 சென்டிமீட்டருக்கு மேலே. வயர் ஓட்டைக்குள் நுழையவில்லை என்று இழைகளைக் கத்தரித்து ஒல்லியாக்கும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. சாக்கெட் கருகுவது பெரும்பாலும் அங்கேதான். லக் (வயர் நுனிக்கு மாட்டும் உலோக முனை) போட்டு நசுக்கித்தான் முடுக்க வேண்டும்.

வேலை கொடுக்கும்போது தமிழ்நாடு மின் உரிம வாரியத்தின் உரிமம் இருக்கிறதா என்று கேட்டு, எர்த் ஓம், வயர் அளவு, ஆர்சிசிபி வகை மூன்றையும் கையெழுத்தோடு வாங்குங்கள். கூலியில் கால் பங்கை நிறுத்திவைத்து, முழு மின்னோட்டத்தில் ஒரு மணி நேரம் சார்ஜ் ஓடவிட்டு, எம்சிபியின் முகப்பில் விரல் வைத்துப் பாருங்கள். ஐந்து நொடி வைக்க முடியவில்லை என்றால் உள்ளே ஏதோ ஸ்க்ரூ லூஸ்.

சென்னிமலை வீட்டில் இப்போது 10 ஸ்கொயர் போட்டு, 40 ஆம்பியர் எம்சிபியும் டைப் ஏ-வும் வைத்து, மூன்று கம்பி அடித்து எர்த் 4 ஓமுக்கு வந்திருக்கிறது. த்ரீ பேஸ் மனு போயிருக்கிறது. அது வருகிறவரைக்கும் 7.2 சார்ஜர் சுவரில் சும்மா இருக்கிறது. கார் 8 ஆம்பியரில், மெதுவாகப் போர்ட்டபிள் சார்ஜரில் ஏறிக்கொண்டிருக்கிறது. ஏஜென்சியிடமிருந்து இதுவரைக்கும் திரும்பி வந்தது அந்த 6,000 மட்டும், அதுவும் மனு எண்ணை எழுத்தில் கேட்ட பிறகு.