வாளித் தண்ணீரில் எரிந்த விளக்கை நம்பி 14,500 ரூபாயை இழந்தேன்

இராமநாதபுரம் நகரில் வண்டிகளுக்கு அலங்கார விளக்கு பொருத்தும் கடை ஒன்றில் 14,500 ரூபாயைக் கொடுத்து ஏமாந்துவிட்டு, கரிந்த வயரின் நாற்றம் இன்னும் போகாத வண்டிக்குள் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. இராமேசுவரத்திலிருந்து மதுரைக்கு மீன் ஏற்றும் சிறிய சரக்கு வண்டி என்னுடையது. என் மகன் புதிதாக ஓட்டுநர் உரிமம் வாங்கிய மகிழ்ச்சியில், வண்டியின் இருபக்கமும் நீல நிற எல்இடி பட்டையும் முன்புறம் சிவப்புப் பட்டையும் போட ஆசைப்பட்டான், நானும் மறுக்கவில்லை.

எங்கள் வண்டியில் ஐஸ் பெட்டிகளிலிருந்து உப்புநீர் ஒழுகாத நாளே கிடையாது என்பதால், இந்த விளக்கு தாங்குமா என்பதைத்தான் நான் முதலில் கேட்டேன். கடைக்காரர் பதில் சொல்லாமல், எரிந்துகொண்டிருந்த பட்டை ஒன்றை அப்படியே வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்திக் காட்டினார். அது அணையவில்லை. "அண்ணே, நானும் மண்டபத்துக்காரன்தான், உப்புக்காத்து எனக்குத் தெரியாதா?" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே, பேரம்கூடப் பேசாமல் 14,500 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன்.

வாளிக்குள் போனது இருமுனையும் அடைத்திருந்த முழுப் பட்டை என்பதும், என் வண்டிக்கு வந்தது அளவுக்காக வெட்டப்பட்ட பட்டை என்பதும் அப்போது எனக்கு உறைக்கவில்லை. வெட்டிய முனையில் சிலிகோன் பசை தடவி மூடி போடாவிட்டால், அந்தப் பட்டை நீரையும் தூசியையும் எவ்வளவு தாங்கும் என்று காட்டும் ஐபி எண் எதைப் போட்டிருந்தாலும் அங்கிருந்துதான் நீர் உள்ளே ஏறும். என் வண்டியில் அந்த இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றியிருந்தார்கள். இன்னொன்றும் இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. சோதித்துப் பார்க்கையில் விளக்குகள் ஒருமுறை அணைந்தன. கடைப் பையன் டேஷ்போர்டுக்கு அடியில் குனிந்து இரண்டு நிமிடம் ஏதோ செய்தான், மறுபடியும் எரிந்தன. நான் அவர்கள் வாங்கிக் கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

பத்தொன்பதாம் நாள் அதிகாலையில், நண்டும் கணவாயும் ஏற்றிக்கொண்டு வாடைக்காற்றில் பாம்பன் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தபோது, நீல விளக்குகள் சிமிட்டத் தொடங்கின. அடுத்த நிமிடமே டேஷ்போர்டிலிருந்து புகை வந்தது. ஹெட்லைட்டும் போய்விட்டது. மகன் இறங்கி ஓடிப் பேட்டரி முனையைக் கழற்றியிராவிட்டால், பாலத்தின் மேலேயே வண்டியை இழந்திருப்பேன்.

தங்கச்சிமடத்தில் எனக்குப் பழக்கமான எலக்ட்ரீஷியன் பிரித்துக் காட்டியபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது. மீட்டருக்குப் பதினான்கு வாட்டுக்கு மேல் இழுக்கும் பட்டை பத்து மீட்டர், அதாவது 12 ஆம்பியர் மின்சாரம், 5 வாட் பல்புகளுக்காகப் போடப்பட்ட பார்க்கிங் லைட் வயரிலிருந்து முறுக்கி எடுக்கப்பட்டிருந்தது. அந்தச் சுமையில் ஃபியூஸ் போனதும், புது ஃபியூஸ்கூடப் போடாமல், போன ஃபியூஸின் கால்களில் செம்புக் கம்பியைச் சுற்றி அதே இடத்தில் செருகியிருந்தார்கள். வெட்டிய முனையில் உப்புநீர் ஏறிப் பச்சைக் களிம்பு பிடித்து ஷார்ட் ஆனபோது, அறுந்து காப்பாற்ற வேண்டிய ஃபியூஸ் அறுந்துபோகாமல் இருக்க, வயர்க்கட்டு முழுவதும் உருகிவிட்டது.

ஐந்து நாட்களாக அலைகிறேன். முதல் நாள் "பையன் வெளியே போயிருக்கான்" என்றார்கள். இரண்டாம் நாள் "வண்டியத் தண்ணி அடிச்சுக் கழுவுனீங்களா? அப்ப வாரண்டி கிடையாதுண்ணே" என்றார், வாளியில் அமிழ்த்திக் காட்டிய அதே மனிதர். அடுத்த நாள், வாரண்டி பட்டைக்கு மட்டும்தான், வயரிங்குக்கு இல்லை என்று மாறியது. கம்பி சுற்றிய ஃபியூஸை மேசையில் வைத்தேன், "இது எங்க வேலைன்னு எப்படிச் சொல்றீங்க?" என்றார். என்னிடம் இருப்பதோ, "லைட் – 14,500" என்று மட்டும் எழுதிய துண்டுச்சீட்டு. நேற்றிலிருந்து தொலைபேசியை எடுப்பதில்லை. வயர்க்கட்டு மாற்றும் செலவும் கெட்டுப்போன நண்டும் அந்த 14,500 ரூபாய்க்கு மேல் தனி.

விளக்குப் பொருத்துவது எப்படி என்று விரிவாக எழுத எண்ணியிருந்தேன். இப்போது அதற்குப் பொறுமையில்லை. பார்க்கிங் வயரில் முறுக்க விடாதீர்கள். பேட்டரியிலிருந்து தனி வயர், பிளஸ் முனைக்கு அருகிலேயே தனி ஃபியூஸ், நடுவில் ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) என்று கேட்டு, அவர்கள் பொருத்தும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். தேநீர் பிறகு குடிக்கலாம். வெட்டிய முனை ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள். முன்புறம் சிவப்பு விளக்கு வேண்டவே வேண்டாம்; 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 108ஆவது விதி அதைத் தடுக்கிறது, கடைக்காரர் அதைக்கூட எனக்குச் சொல்லவில்லை. ரசீதில் என்ன பட்டை, எத்தனை மீட்டர், வயரிங்குக்கு வாரண்டி உண்டா என்பதை எழுதி வாங்காமல் பணத்தை எடுக்காதீர்கள். கம்பி சுற்றிய அந்த ஃபியூஸை ஒரு பாலித்தீன் பையில் போட்டு வைத்திருக்கிறேன். நாளைக் காலை கடை திறக்கும் நேரத்துக்கு மறுபடியும் போகிறேன்.