டிரெய்லருக்கு எல்.இ.டி. லைட்: மூன்று கரும்பு சீசனுக்குப் பிறகு

காங்கேயத்து நண்பர் ஒருவர் கேட்கிறார்: "லைட்டு விலை இறங்கிருச்சுங்க, டிரெய்லருக்கு எல்.இ.டி. மாத்திப்போடலாமுங்களா?" அவருடைய டிரெய்லர் ஒரே வண்டியில் நிற்பதில்லை, மூன்று டிராக்டரில் மாறி மாறி மாட்டப்படுவது. பதில் அதைப் பொறுத்தது. அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

மூன்று சீசன் கரும்பு, இடையில் கோழி எரு, தேங்காய், மக்காச்சோளத் தட்டு என்று ஓடிய வேறொரு டிரெய்லரின் அனுபவம் இது. 12 வோல்ட். பின்னால் இரண்டு முழு எல்.இ.டி. லைட், முன்மூலையில் இரண்டு சின்ன லைட். பழைய ஹோல்டரிலேயே சொருகும் எல்.இ.டி. பல்பைப் பற்றி ஒரே வரி போதும்: வாங்காதீர்கள். கெட்டுப்போனது ஹோல்டர். அதிலேயே புதுப் பல்பைச் சொருகினால் என்ன மாறும்? கோழி எருவிலிருந்து கிளம்பும் அம்மோனியா பித்தளையைத் தின்றுவிடும். பல்லடம், நாமக்கல் பக்கம் எரு ஏற்றும் டிரெய்லர்களில் ஹோல்டரைத் திறந்தால் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். ஹோல்டரே இல்லாத, ஒயரோடு சேர்த்து மூடி அடைத்த லைட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஆலை வாசலில் இரவு முழுக்க வரிசையில் நிற்கும்போது டெயில் லைட்டை அணைக்க வேண்டியதில்லை. 5 வாட் பல்பு நான்கு எரிந்தால் 20 வாட், கிட்டத்தட்ட 1.7 ஆம்பியர். எட்டு மணி நேரத்தில் 13 ஆம்பியர்-அவர் சார்ஜ் பேட்டரியிலிருந்து போய்விடும். கிழட்டு பேட்டரியாக இருந்தால் விடிகாலையில் செல்ஃப் முனகும். அதற்குப் பயந்தே பலர் லைட்டை அணைத்துவிட்டு ரோட்டோரம் இருட்டில் நிற்கிறார்கள். அதில்தான் உயிர் போகிறது. எல்.இ.டி.யில் அந்த நான்கும் சேர்ந்து எடுப்பது அதில் ஒரு சிறு பங்குதான்.

இன்னொன்று பிரேக் லைட். இழை பல்பு சூடாகி முழு வெளிச்சத்துக்கு வர ஏறக்குறைய 0.2 நொடி ஆகும், எல்.இ.டி. மிதித்தவுடனே எரியும். பின்னால் 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பைக் அந்த 0.2 நொடியில் மூன்று மீட்டருக்கு மேல் வந்துவிடும். கொடுமுடி ரோட்டில் இரவில் கரும்பு வண்டிக்குப் பின்னால் போனவர்களுக்கு அந்த மூன்று மீட்டரின் அருமை தெரியும்.

இனி எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி. இந்த மூன்று சீசனில் வந்த கோளாறு அத்தனைக்கும் வேர் இதுதான்.

நம் ஊர் டிரெய்லர்கள் பெரும்பாலானவற்றில் எர்த்துக்குத் தனி ஒயர் கிடையாது. டிராக்டர் கொக்கி, பின், டிரெய்லர் ஏர்க்கால் வழியாகவே கரண்ட் திரும்புகிறது. பின்னில் கிரீஸ், கொக்கியில் துரு, ஓட்டையோ தேய்ந்து அகலமாகிவிட்டது. லோடோடு இழுக்கும்போது இரும்பும் இரும்பும் இறுகித் தொடும், பள்ளத்தில் குதிக்கும்போது விடும். இழை பல்பில் இது கண்ணுக்குத் தெரியாது, கரண்ட் ஒரு கணம் அறுந்தாலும் இழையின் சூடு தாங்கிக்கொள்ளும். எல்.இ.டி. ஒவ்வொரு அறுப்பையும் அப்படியே மினுக்கிக் காட்டும். "லைட்டு சரியில்லை" என்று கடையில் திருப்பிக் கொடுக்கப்படும் லைட்டுகளில் பல இந்த வகைதான். டிப்பராக இருந்தால் இன்னும் மோசம்: தூக்கும் பெட்டியின் கீல் பின்னிலும் இதே கதை. ஆகவே பாடியில் எங்கோ ஓரிடத்தில் எர்த் கொடுத்தால் போதாது, லைட்டின் எர்த் ஒயர், டிராக்டர் சாக்கெட்டில் சொருகும் பிளக் வரைக்கும் ஒயராகவே வர வேண்டும்.

எர்த் அறுந்தால் இன்னொரு கூத்தும் நடக்கும். வலது இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து மினுக்கும். திரும்பிப் போக வழியில்லாத கரண்ட், பக்கத்து லைட்டுக்குள் புகுந்து வழி தேடுகிறது என்று பொருள். இண்டிகேட்டரை விட்டு விட்டு எரிய வைக்கும் பிளாஷரை மாற்றாதீர்கள், எர்த்தைப் பாருங்கள்.

7 முனை பிளக்கின் முறையான இணைப்பு இப்படி: 1 மஞ்சள், இடது இண்டிகேட்டர். 3 வெள்ளை, எர்த். 4 பச்சை, வலது இண்டிகேட்டர். 5 பழுப்பு, வலது டெயில். 6 சிவப்பு, பிரேக். 7 கருப்பு, இடது டெயில். 2 நீலம் நமக்குத் தேவைப்படாது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. கருப்பு என்றாலே எர்த் என்று கை பழகிய எலக்ட்ரீசியன் கருப்பைக் கொண்டுபோய்ச் சேசிஸில் முடுக்கிவிடுவார். டெயில் லைட் போட்டவுடன் பியூஸ் போகும். பிறகு பெரிய பியூஸாகப் போட்டு ஒயரையே எரிப்பார்கள். இந்த டிரெய்லரில் முதல் தடவை வேலை செய்த கடையில் இதுவும் நடந்தது, கூடவே ஒயரை முறுக்கி டேப் சுற்றித் தொங்கவிட்டதும் நடந்தது. முதல் மழையில் டேப் பிரிந்து நின்றது. அதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. லைட்டுக்குச் செலவு செய்தவனுக்கு ஒயர் நுனிக்கு ஒரு லக் (உலோக முனை) வைத்துக் கிரிம்ப் பண்ணி, அதாவது அழுத்தி இறுக்கிக் கொடுக்கக் கூடாதா?

சரியான முறை இது. எர்த்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், மற்றதற்கு 1. பன்னிரண்டு அடி டிரெய்லருக்கு ஏர்க்காலையும் சேர்த்து ஒவ்வொன்றும் 7 மீட்டர் வாங்கினால் மிச்சம் நிற்கும். எல்லாவற்றையும் வரிப்பள்ளம் போட்ட பிளாஸ்டிக் பைப்புக்குள் விட்டு, சேசிஸ் சேனலின் உள்பக்கமாக ஒரு அடிக்கு ஒரு கிளிப் போடவும். வெளிப்பக்கம் போனால் கரும்பு இறக்கும்போது சோகையோடு (காய்ந்த கரும்புத் தோகை) சேர்ந்து ஒயரும் வந்துவிடும். ஓட்டை வழியே போகும் இடமெல்லாம் ரப்பர் வளையம் வேண்டும். இணைப்புகளில் லக் வைத்துக் கிரிம்ப் செய்து, மேலே பசையுள்ள சுருங்கும் டியூப். வெறும் சால்டர் வேண்டாம், டிரெய்லரின் அதிர்வில் சால்டர் முடியும் இடத்தில் ஒயர் ஒடியும். கொக்கிப் பக்கம் முழு வளைவு திரும்பும் அளவுக்கு ஒயர் தளர்வாக இருக்கட்டும், ஆனால் தரையைத் தொடக் கூடாது.

முடித்த பிறகு ஒரு சோதனை. எல்லா லைட்டையும் எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ்விலும் இன்னொன்றை லைட்டின் எர்த் ஒயரிலும் வையுங்கள். 0.2 வோல்டுக்கு மேல் காட்டினால் வேலை முடியவில்லை.

பிளாஷர் பற்றி வீண் பயம் அதிகம். டிரெய்லரில் மட்டும் எல்.இ.டி. போட்டால் டிராக்டரின் 21 வாட் பல்புகள் அப்படியே இருக்கின்றன, இண்டிகேட்டர் பழைய வேகத்திலேயே அடிக்கும். டிராக்டரிலும் மாற்றினால்தான் வேகமாக அடிக்கும், அப்போது எல்.இ.டி.க்கான பிளாஷர் போட வேண்டும். 50 வாட் ரெசிஸ்டர் வைக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். மிச்சம் பிடித்த கரண்டை அது சூடாக்கி வீணடிக்கும், சோகைக்குப் பக்கத்தில் அந்தச் சூடு நல்லதும் அல்ல. டேஷ்போர்டில் டிரெய்லருக்கென்று தனி இண்டிகேட்டர் விளக்கு உள்ள டிராக்டரில் அது எரியாமல் போகலாம், லைட் போய்விட்டது என்று பதறாதீர்கள்.

லைட் வாங்கும்போது நடுப்பகல் வெயிலில் டெயிலையும் பிரேக்கையும் மாற்றி மாற்றி எரித்துப் பாருங்கள். மட்ட ரகத்தில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது, பிரேக் பிடித்தது பின்னால் வருபவனுக்கு எப்படித் தெரியும்? பட்டறையில் வெல்டிங் வைக்கும் முன்பு பிளக்கைக் கழற்றிவிடுங்கள். இங்கே செத்த ஒரே லைட் அப்படித்தான் செத்தது. பல்பாக இருந்தால் பல்பை மட்டும் மாற்றலாம், இதில் முழு லைட்டையும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

இனி காங்கேயத்து நண்பருக்கு. இவ்வளவு புகழ்ந்தும், இந்த சீசனுக்கு உங்களுக்கு வேண்டாமுங்க. உங்கள் மூன்று டிராக்டரில் ஒன்றின் சாக்கெட்டில் வெள்ளை ஒயர் இல்லாவிட்டாலும் அந்த நாளில் லைட் மினுக்கும், குற்றம் லைட்டின் மேல் விழும், எரிச்சலில் பழைய பல்புக்கே திரும்பிவிடுவீர்கள். முதலில் மூன்று சாக்கெட்டையும் கழற்றி, மூன்றாவது முனையிலிருந்து பேட்டரி நெகட்டிவ் வரை ஒயர் இழுத்து, அந்த 0.2 வோல்ட் சோதனையைச் செய்து முடியுங்கள். அதுவரை பழைய பல்பே எரியட்டும், ஹோல்டரை உப்புத்தாளில் தேய்த்து வாசலின் தடவி வையுங்கள். வெளிச்சம் பட்டால் மின்னும் ஒளிர்பட்டைக்கு ஒயர் தேவையில்லை. பின்பக்கம் சிவப்பும் பக்கவாட்டில் மஞ்சளும் இன்றைக்கே ஒட்டிவிடுங்கள், கரும்பு நுனி தொங்கி மறைக்காத உயரத்தில்.