‘சிவியர்’ என்ற சொல்லில் தடுமாறும் அகராதிச் செயலி: பாம்பன் கரையிலிருந்து ஒரு மதிப்பீடு

கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் ஆங்கிலம்–தமிழ் அகராதிச் செயலி ஒன்றைச் சில காலமாகப் பயன்படுத்தி வருகிறேன். இணையம் எட்டாத இடத்திலும் இயங்குகிறது. உச்சரிப்பைத் தெளிவாக ஒலிக்கிறது. பள்ளிப் பாடத்துக்கு இவை போதும். ஆனால் அகராதியின் தரம் ‘சிவியர்’ (severe) போன்ற பல பொருள் தரும் ஆங்கிலப் பெயரடைகளில்தான் வெளிப்படும் என்பதால், அந்த ஒரு சொல்லைக் கொண்டே இதை எடைபோடுகிறேன்.

செயலி தரும் விடை: கடுமையான, கொடிய, கண்டிப்பான, தீவிரமான. நான்குமே சரியானவைதாம், எது எங்கே பொருந்தும் என்ற குறிப்புத்தான் ஒரு வரிகூட இல்லை. ஆசிரியரின் இயல்பைச் சொன்னால் கண்டிப்பு. குடிநீரைச் சொன்னால் கடும் தட்டுப்பாடு. அலங்காரமே இல்லாத உடையையோ கட்டடத்தையோ குறிக்கும் பொருள் விடுபட்டே போயிருக்கிறது.

எங்கள் கரைக்கு முதன்மையானது வானிலைப் பொருள். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வகைப்பாட்டில் இச்சொல் வருணனை அன்று, அளவு. நீடித்து வீசும் காற்று மணிக்கு 63 முதல் 88 கிலோமீட்டர் வரை இருந்தால் புயல், 89 முதல் 117 வரை தீவிரப் புயல், 118 முதல் 166 வரை அதிதீவிரப் புயல். தீவிரப் புயலைக் குறிக்கும் ‘சிவியர் சைக்ளோனிக் ஸ்டார்ம்’ என்ற ஆங்கிலத் தொடரைச் செயலியோ ‘கடுமையான சூறாவளி’ என்று பெயர்க்கிறது. வானொலியில் ‘தீவிரப் புயல்’ என்று கேட்டுப் பழகிய மீனவர், இரண்டும் ஒரே படிநிலையைக் குறிக்கின்றன என்று எப்படி அறிவார்? அந்தப் படிநிலை காற்றின் வேகத்தை மட்டுமே சொல்கிறது, மழையைச் சொல்வதில்லை என்பதும் விளக்கப்பட வேண்டும். 2020 டிசம்பரில் புரெவி என்ற புயல் மன்னார் வளைகுடாவில் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக வலுவிழந்து, இராமநாதபுரம் கரையருகே நகராமல் நின்றபோது, புயல் என்ற பெயர் போன பிறகும் டெல்டா மாவட்டங்களில் மழை கொட்டித் தீர்த்தது.

மருத்துவத்தில் குழப்பம் இன்னும் கூடுகிறது. ‘அக்யூட்’ (acute) என்பது நோய் திடீரெனத் தொடங்கியதைக் குறிக்கும். ‘சிவியர்’ என்பது அது எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதைக் குறிக்கும். செயலி இரண்டுக்கும் ‘தீவிர’ என்றே தருகிறது. வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தைக்குக் ‘கடும் நீரிழப்பு’ என்று குறிக்கப்பட்டால், சிரை வழியாகத் திரவம் ஏற்ற வேண்டிய நிலை என்று பொருள். அந்த இடத்தில் ‘கொடிய’ என்ற சொல்லைப் படிக்கும் தாய் தேவையின்றி நடுங்கிப்போவார்.

துறைப் பெயரையும் ஓர் எடுத்துக்காட்டுத் தொடரையும் ஒவ்வொரு பொருளுக்கும் சேர்த்தால், இந்தச் செயலியை மனமாரப் பரிந்துரைப்பேன். அதுவரை மாணவர்கள் பாடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். புயல் எச்சரிக்கையையும் மருத்துவச் சீட்டையும் இதை நம்பிப் படிக்க வேண்டாம்.