இன்டெல் ஐ5-12400: ஏஇஎஸ்ஸில் தாராளம், எக்ஸ்265-இல் பொறுமை

பெங்களூருவின் கணினிப் பொருள் சந்தையான எஸ்.பி. ரோட்டில் இந்த ப்ராசஸரை வாங்கப் போனால், பெட்டியில் எண்ணுக்குப் பின்னால் 'எஃப்' இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 'எஃப்' உள்ள சிப்பில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் இல்லை. ஆகவே வீடியோவை வன்பொருளிலேயே வேகமாக மாற்றித்தரும் இன்டெலின் குயிக் சிங்க்கும் இல்லை. வீடியோ மாற்றுபவருக்கு அது வீண் சிக்கனம்.

6 கோர், 12 த்ரெட். டிஸ்க்கைக் குறியாக்கம் (என்கிரிப்ட்) செய்து பூட்டி வைக்க இதுவே தாராளம். டிஸ்க்கைப் பூட்டும் மென்பொருளான வெராகிரிப்ட்டின் பெஞ்ச்மார்க்கில் ஏஇஎஸ், செர்பென்ட் என்ற இரு குறியாக்க முறைகளையும் ஓட்டினால் வித்தியாசம் கண்கூடு: ஏஇஎஸ்ஸுக்குச் சிப்பிலேயே தனிக் கட்டளைகள் உண்டு, செர்பென்ட்டுக்குக் கிடையாது. அந்தச் சோதனை ரேமுக்குள் நடப்பது. ஃபைல் நகலெடுக்கும்போது பெரும்பாலும் எஸ்எஸ்டிதான் எல்லை.

வீடியோ மாற்றும் மென்பொருளான ஹேண்ட்பிரேக்கில் எக்ஸ்265 (ப்ராசஸரையே நம்பி ஓடும் என்கோடர்), மீடியம் (வேக அமைப்பு), ஆர்எஃப் 20 (தர அமைப்பு) வைத்து, குறைந்தது 15 நிமிட 1080பி வீடியோவை மாற்றிப் பாருங்கள். சின்ன கிளிப் ஏமாற்றிவிடும். தொடக்கத்தில் 117 வாட் வரை இழுக்க அனுமதி உண்டு. மதர்போர்டு இன்டெல் வரம்பைக் கடைப்பிடித்தால் சற்று நேரத்தில் 65 வாட்டுக்கு இறங்கும், வேகமும் கூடவே இறங்கும். பயாஸில் உள்ள பிஎல்1 (நீடித்த மின் வரம்பு), பிஎல்2 (தற்காலிக உச்ச வரம்பு) இரண்டையும் குறிக்காமல் எடுத்த வேக எண்ணை இன்னொருவர் எண்ணோடு ஒப்பிடவே கூடாது.

குயிக் சிங்க் வெகு வேகம், ஆனால் அதே தரத்துக்கு ஃபைல் பெரிதாகும். ஏவி1 என்ற புதிய வடிவ வீடியோ ஓடும். வன்பொருளில் ஏவி1 என்கோட், அதாவது அந்த வடிவத்துக்கு மாற்றுவது, மட்டும் கிடையாது.